நல்லதைக் கழித்த மிச்சம்

சாப்பிட்டுவிட்டே வரலாம் என்று டாக்டர் சொன்னதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்கியது.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதென்றால் வெறும் வயிற்றோடு போகவேண்டும். மலையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போளூருக்குப் போகிற முதல் பஸ்ஸில் யாராவது முகம் வாடி, வாய் திறக்காமல், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தால், "இன்னா, ரத்தம் குடுக்கவா?" என்றுதான் பக்கத்தில் இருப்பவர் கேட்பார். அப்படியிருக்க, புதன்கிழமைகளில் ஜமுனாமரத்தூருக்கு வந்துபோகும் டாக்டர் நதியா, "சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாட்டியும் சரி, ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று பூங்கோதையிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பூங்கோதை அதைச் சொன்னதும் மாமியார் மாணிக்கம்மாள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாது? துன்னுட்டு வரச் சொன்னாளா?"

"ஆமாங்கத்தை. துன்னாலும் துன்னாட்டியும் ஒண்ணுதானாம்."

"அப்ப அவ டாக்டரே கெடையாது."

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மணிவேல் சிரித்தான். பூங்கோதையின் கொழுந்தன் அவன். ஜமுனாமரத்தூருக்கும் போளூருக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். "வுடுங்க அண்ணி. எனக்குக் கொழுப்பு சாஸ்தின்னு எங்கம்மா நான் பொறந்ததிலிருந்து சொல்லுது. அதுக்கு ரத்தம் எடுத்து வேற பாக்கணுமா?"

"சிரிக்காதே தம்பி. உங்கண்ணனும் இப்பிடித்தான் சிரிச்சாரு."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மாணிக்கம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். மணிவேல் சிரிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக் கூரையைப் பார்த்தான்.

அவனுடைய அண்ணன் அருள்மணி போன அறுவடையில் செத்துப்போனான். நாற்பத்தாறு வயது. களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தவன், புளியமரத்தடியில் உட்கார்ந்து, தண்ணி குடு என்றான். பூங்கோதை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்குவதற்குக் கை நீட்டினான். கை பாதியில் நின்றது. அவ்வளவுதான். மணிவேலின் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினார்கள். பாதி வழியிலேயே பூங்கோதைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வளைவுகளில் அப்படிப் பறந்துகொண்டிருந்தவனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நெஞ்சடைப்பு என்றார்கள். பூங்கோதைக்குப் புரியாமல் போனது அந்த வார்த்தை இல்லை. நெஞ்சடைப்பு யாருக்கு வரும், எதனால் வரும் என்று அவளும் பேப்பரில் படித்திருக்கிறாள். பத்தாவது வரை உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள். மகளிர் குழுவின் சாமை அரவை மெஷினைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்குப் புரியாமல் போனது வேறு. சாவதற்கு முந்தின வருஷம்தான் அருள்மணி போளூரில் ரத்தம் கொடுத்து, கொழுப்பெல்லாம் பார்த்துவிட்டு வந்திருந்தான். நார்மல் என்றார்கள். நார்மலான ஆள் தண்ணீருக்குக் கை நீட்டி ஏன் சாகவேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் அவள் தலைவலிக்கு மாத்திரை வாங்கப்போன இடத்தில் டாக்டர் நதியாவிடம் கேட்டாள். டாக்டரோ கூடப்பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று திருப்பிக் கேட்டாள். ஒரு தம்பி, நாற்பத்திரண்டு வயசு, பீடி குடிப்பான் என்றதும், "மொதல்ல அவரைக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் உங்க கேள்விக்கு வருவோம்" என்றாள்.

மணிவேலின் பெண்டாட்டி சிவசங்கரி அப்போது வீட்டில் இல்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான கர்ப்பம். ஏழாம் மாதத்தில் வளையல் போட்டு கலசப்பாக்கத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதிலிருந்து அவள் தினமும் போன் செய்துகொண்டிருந்தாள். "அக்கா, அவுரு என் பேச்சைக் கேக்க மாட்டாரு. நீதான் இட்டுக்குனு போவணும். எனக்கு ராவெல்லாம் தூக்கமில்லக்கா. புள்ள பொறக்கும்போது அவுரு இருக்கணும்." 

எப்படியோ மணிவேல் சம்மதித்தான். ஆனால் மாணிக்கம்மாள் விடவில்லை.

"ரத்தம் குடுக்கறதுன்னா அதுக்கு ஒரு மொறை இருக்குது. பெரியவன் எப்பிடிப் போனான்? விடியக்காலம் குளிச்சி, துன்னூறு பூசி, விரதம் புடிச்சில்ல போனான்? அப்பிடித்தான் இவனும் போவணும்."

அவர்கள் ஊரில் விரதம் என்றால் சோறு, களி, உப்பு ஆகாது. உலையில் வெந்த தானியம் வாயில் படக்கூடாது. பால் உண்டு. தேன் உண்டு. பழம் உண்டு. உண்டு என்று மட்டும் இல்லை, விடியலில் தேன் கலந்த பாலைக் குடித்துத்தான் விரதத்தைத் தொடங்கவே வேண்டும். அதைக் குடிக்காமல் இருந்தால் அதற்குப் பேர் பட்டினி. பட்டினியைச் சாமி கணக்கில் சேர்க்காது.

அருள்மணியிடம் போளூர் லேபில் முதல் நாள் "நாளைக்கு ஒண்ணும் சாப்பிடாம வாங்க" என்று சொல்லி அனுப்பியபோது, ஒன்றும் சாப்பிடாமல் இருப்பதற்கு அவனுக்குத் தெரிந்த முறை இது ஒன்றுதான். மாணிக்கம்மாளும் சொம்பு நிறையப் பால் காய்ச்சி, கொம்புத் தேனைத் தாராளமாக ஊற்றி, இரண்டு மலைவாழைப்பழத்தையும் கையில் கொடுத்து அனுப்பினாள். லேபில் ஊசி போட்ட பெண், "சாப்பிட்டீங்களாண்ணா?" என்று கேட்டாள். "விரதம்மா" என்றான் அருள்மணி. அதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது.

சாயங்காலம் தாளைக் கொடுத்தார்கள். கெட்ட கொழுப்பு என்ற வரியில் குறி எதுவும் இல்லை, நார்மல் என்றார்கள். ட்ரைகிளிசரைடு என்று வேறொரு கொழுப்பின் பக்கத்தில் மட்டும், அளவு மீறியதற்கு அடையாளமாக, ஒரு நட்சத்திரம் இருந்தது. அங்கே இருந்த ஆள் அதைப் பார்த்துவிட்டு, "தண்ணி போடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறான். வாழ்நாளில் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத அருள்மணிக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அதன்பிறகு அந்த நட்சத்திரத்தை அவன் ஒரு வியாதியாகப் பார்க்கவில்லை. தன்மேல் போட்ட பழியாகத்தான் பார்த்தான். யார் கேட்டாலும் கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டு மேல் வரியைக் காட்டுவான். "நார்மலு, பாரு." டீக்கடையில் காட்டினான், ரேஷன் கடையில் காட்டினான், பங்காளி வீட்டுக் கருமாதியில்கூடக் காட்டினான். சட்டைப்பையில் மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, கடைசியில் அந்தத் தாள் துண்டு துண்டாகி எங்கோ போய்ச்சேர்ந்தது.

இப்போது மணிவேலுக்கு வந்தது தர்மசங்கடம். அம்மா விரதம் என்கிறாள், டாக்டர் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்கிறாள். அவன் இரண்டு பேருக்கும் நல்லபிள்ளையாக ஒரு வழி கண்டுபிடித்தான். காலையில் குளித்து, திருநீறு பூசி, அம்மா கையால் பால் வாங்கிக் குடித்தான். ஜமுனாமரத்தூருக்கு வந்ததும் ஓட்டலில் ஆறு இட்லி சாப்பிட்டான். மேலே ஒரு வடையும் போட்டுக்கொண்டான்.

"அய்யோ தம்பி, ரெண்டையுமா?" என்றாள் பூங்கோதை.

"சாமிக்கும் சரி, டாக்டருக்கும் சரி. இனிமே எவளும் என்னைக் குத்தம் சொல்ல முடியாது."

அன்றைக்கு ரத்தம் எடுத்து மலைக்குக் கீழே லேபுக்கு அனுப்பினார்கள். அடுத்த புதன்கிழமை வரச்சொன்னார்கள்.

அடுத்த புதன்கிழமை போனபோது, டாக்டர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே நர்ஸ் தாளைக் கொடுத்துவிட்டாள். மணிவேலுக்கு அதைப் படிக்கப் பொறுமை இல்லை, பூங்கோதையிடம் நீட்டினான். வரிசையாக எண்கள். மொத்தக் கொழுப்பு இருநூற்று முப்பத்தெட்டு. நல்ல கொழுப்பு முப்பத்தேழு. ட்ரைகிளிசரைடு முந்நூற்று எண்பத்தைந்து, பக்கத்தில் நட்சத்திரம். கெட்ட கொழுப்பு நூற்று இருபத்துநான்கு. நூற்று முப்பதுக்குள் இருந்தால் நார்மல் என்று அதன் எதிரிலேயே அச்சடித்திருந்தது.

"நார்மலா?" என்றான் மணிவேல்.

பூங்கோதை அந்த வரியை மறுபடியும் படித்தாள். அருள்மணியின் தாளில் இருந்த எண்கள் அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் எந்த வரியில் நட்சத்திரம் இருந்தது, எந்த வரியில் இல்லை என்பது ஞாபகம் இருந்தது. அதே இடம். அதே காலி. வேறு யாராவது வீட்டுப் பெண்ணாக இருந்தால் நார்மல் என்று படித்ததும் மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றியிருப்பாள். இவளுக்கோ அந்த வார்த்தையைப் படித்ததும்தான் பயம் பிடித்தது.

"சொல்லுங்க அண்ணி, நார்மல்தானே?"

"அப்பிடித்தான் போட்டிருக்குது."

"பாத்தீங்களா! வாங்க போலாம். ஆளுங்க ஜீப்பாண்ட காத்துனு இருப்பாங்க."

அதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டாள்.

டாக்டர் நதியா தாளை ஒரு பார்வை பார்த்தாள். பேனாவை எடுத்து, மொத்தத்தின் கீழே நல்லதை எழுதி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒரு கோடு போட்டுக் கழித்தாள். இருநூற்று ஒன்று. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"இதுதான் எனக்கு வேணும். இது நூத்தி முப்பதுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு ரொம்ப சாஸ்தி."

"மேடம், கெட்டது நார்மல்னு அதுலயே அச்சடிச்சிருக்குதே?" என்றான் மணிவேல்.

"அது நேரா அளந்ததில்ல. கணக்குப் போட்டு எழுதினது. மொத்தத்துல நல்லதைக் கழிப்பாங்க, அந்த ட்ரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கையும் கழிப்பாங்க. மிச்சத்தைக் கெட்டதுன்னு எழுதுவாங்க. ட்ரைகிளிசரைடு எகிறினா கழிக்கறது பெரிசாயிடும். அப்ப கெட்டது கொஞ்சமா இருக்கற மாதிரி தெரியும். புரியுதா?"

"புரியல."

"நீங்க ஜீப்பு ஓட்டறீங்க இல்ல? ஒரு கூட்டம் ஏறுது. அதுல நல்லவங்களை மட்டும் எறக்கி வுட்டுடுங்க. மிச்சம் உக்காந்திருக்கிறவங்க எல்லாருமே வழியில வம்பு பண்றவங்கதான். எவன் பேரு இன்னா, எவன் எந்த ஊருன்னு நமக்கு எதுக்கு? மொத்தம் எத்தினி பேருன்னு எண்ணினாப் போதும்."

"அப்ப என் ஒடம்புல நல்லவங்க முப்பத்தேழு பேருதானா? நம்ம ஊரைவிட மோசமா இருக்குதே மேடம்."

டாக்டர் சிரித்துவிட்டாள். பூங்கோதையால் சிரிக்க முடியவில்லை. கொழுப்பில் நல்லது என்று ஒன்று எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதற்குள் நல்லதைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பார் என்கிறார்கள். மிச்சம்தான் முக்கியம் என்றால் மிச்சத்தை ஏன் தாளில் போடவில்லை? அதைக் கேட்டேவிட்டாள்.

"சில லேப்ல போடறாங்க. சில லேப்ல போடறதில்ல. போடலன்னா நாமளே கழிச்சிக்கணும்."

நாமளே கழிச்சிக்கணும். மூன்றாம் வகுப்புக் கணக்கு. பூங்கோதை அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த, நெஞ்சடைப்பு வரும் அபாயத்தைக் கணக்கிடுகிற ஓர் அட்டையைக் காட்டினாள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஆணா பெண்ணா, புகை உண்டா இல்லையா, வயசு என்ன, பிரஷர் எவ்வளவு என்று விரலை நகர்த்திக்கொண்டே வந்து, கடைசியில் அந்த இருநூற்று ஒன்றைத் தேடி ஒரு ஆரஞ்சுக் கட்டத்தில் நிறுத்தினாள். "இது வெளிதேசத்துக்காரங்களுக்குப் போட்டது. நம்ம ஆளுங்களுக்கு இதுக்கு மேல கொஞ்சம் கூட்டிப் பாக்கணும். அண்ணன் சின்ன வயசுல தவறினதுக்கு இன்னும் கொஞ்சம்."

"வெளிதேசத்துக்காரன் அட்டையில என்னை இன்னாத்துக்கு மேடம் தேடறீங்க?" என்றான் மணிவேல். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "நான் படியேறினா மூச்சு வாங்கலை. நெஞ்சு வலிக்கலை. மூட்டை தூக்கறேன். எனக்கு இன்னா வியாதி?"

"வியாதி இல்ல. வரதுக்கு முன்னாடி தடுக்கறதுக்குத்தான். ராத்திரி ஒரு மாத்திரை. பீடியை வுடணும். ரெண்டு மாசம் கழிச்சி மறுபடியும் பாப்போம்."

"எத்தினி நாளைக்கு?"

"நிறுத்தக்கூடாது."

"சாவற வரைக்குமா?"

டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதினாள். எழுதிக்கொண்டே பூங்கோதையைப் பார்த்து, "அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களே. உங்க வீட்டுக்காரர் தாள் இருக்குதா?" என்றாள்.

"இல்ல மேடம். கிழிஞ்சிபோச்சி."

"வெறும் வயித்துல எடுத்ததா?"

"விரதம் புடிச்சித்தான் போனாரு. காலையில தேனும் பாலும் குடிச்சாரு. ரெண்டு வாழப்பழம். அவ்ளோதான்."

டாக்டரின் பேனா நின்றது. 

"அதனாலயா மேடம்? பால் குடிச்சதாலயா தப்பாச்சி?"

"பாலு, தேனுன்னா அந்த ட்ரைகிளிசரைடு கொஞ்சம் ஏறியிருக்கும். ஏறினா கெட்டது கொஞ்சமாத் தெரிஞ்சிருக்கும்." டாக்டர் யோசித்து யோசித்துப் பேசினாள். "ஆனா மொத்தத்துல நல்லதைக் கழிச்சா வருதே, அது பால் குடிச்சாலும் குடிக்காட்டியும் பெரிசா மாறாது. அதனாலதான் இவரைச் சாப்பிட்டுட்டே வரச்சொன்னேன். யாராவது கழிச்சிப் பாத்திருந்தா..."

"இருந்தா?"

"தெரியலைங்க. தாள் இல்லாம என்னால சொல்லமுடியாது. தாள் இருந்தாலும், அவரு பொழைச்சிருப்பாருன்னு நான் எப்பிடிச் சொல்றது?"

பூங்கோதை எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். வெயில் அடித்தது. பால் குற்றவாளி இல்லை என்று சொன்னார்களா, ஆமாம் என்று சொன்னார்களா? அவர் காப்பாற்றப்பட்டிருப்பார் என்றார்களா, மாட்டார் என்றார்களா? இரண்டையும் ஒரே வாயால் சொன்னதுபோல் இருந்தது. ஒரு கேள்வியோடு போனவள், இப்போது இரண்டு கேள்வியோடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கியது அவள்தான். மணிவேல் ஜீப்பில் உட்கார்ந்து ஹாரன் அடித்தான். சவாரி நிறைந்திருந்தது. முன்சீட்டில் அவளுக்கு இடம் வைத்திருந்தான். மாத்திரைப் பை மடியில் சலசலத்ததும் பின்னாலிருந்து ஒரு பெரியவர், "இன்னாப்பா மணிவேலு, ஆஸ்பத்திரியில இன்னா வேலை?" என்று கேட்டார்.

"அண்ணிக்குத் தலைவலி" என்றான் மணிவேல், சாலையைப் பார்த்துக்கொண்டே.

ஆட்களெல்லாம் இறங்கிப்போய், ஊர் எல்லையில் இருவர் மட்டும் இருக்கும்போது அவன் வண்டியை நிறுத்தினான்.

"அண்ணி, கேட்டுக்குங்க. நான் மாத்திரை போடறேன்னு வெளிய தெரிஞ்சா எவனும் என் ஜீப்புல ஏறமாட்டான். அண்ணன் எப்பிடிப் போனாருன்னு மலைக்கே தெரியும். 'தம்பிக்கும் நெஞ்சு கோளாறாம், வளைவுல வண்டியோட உருட்டிடுவான்'னு பேசுவாங்க. நானா இருந்தாலும் ஏறமாட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல. தாள்லயே நார்மல்னு போட்டிருக்குது. அந்தம்மா ஒரு கோடு போட்டு வியாதி ஆக்கிட்டாங்க."

"உங்கண்ணனுக்கும் நார்மல்னுதான் போட்டிருந்தது."

"அதையேதான் நானும் சொல்றேன். தாளைப் பாத்துட்டு செத்தாரு. பாக்காம இருக்கிறவன் நூறு வயசு இருக்கறான். எதை நம்பறது?"

 எதை நம்புவது என்று பூங்கோதைக்கும் தெரியவில்லை. அச்சடித்த தாளை நம்பி ஒருமுறை நிம்மதியாக இருந்தாகிவிட்டது. இப்போது பேனாவால் போட்ட ஒரு வட்டத்தை நம்பி இன்னொருவனை ஆயுசு முழுக்க மாத்திரை போடச் சொல்லவேண்டும். அந்த வட்டமும் தப்பாக இருந்தால்? ஒன்றும் இல்லாத ஆளை நோயாளி ஆக்கி, ஜீப்பையும் கெடுத்த பழி அவள் தலையில் விழும். சரியாக இருந்து, அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால்? அதற்கு மேல் யோசிக்க அவள் மனசு ஒப்பவில்லை.

வீட்டில் மாணிக்கம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"நார்மலு" என்றான் மணிவேல்.

"நார்மல் இல்லத்தை" என்றாள் பூங்கோதை. "மாத்திரை குடுத்திருக்காங்க."

மாணிக்கம்மாள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "நார்மலுக்கு எவனாவது மாத்திரை குடுப்பானா? இன்னாடி இது, ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க?"

பூங்கோதை தெரிந்தவரை சொல்லிப் பார்த்தாள். மொத்தம், நல்லது, மிச்சம். ஜீப்பு, நல்லவர்கள், வம்பு பண்ணுகிறவர்கள். அட்டையில் ஆரஞ்சு. சொல்லச் சொல்ல அவளுக்கே அது சந்தையில் எவனோ சொன்ன கதைபோல இருந்தது. ஜீப்பில் கெட்டவர்கள் ஏறினால் அதற்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று மாமியார் கேட்டபோது, மாத்திரைப் பையை எடுத்துக் காட்டினாள்.

"தூக்கிப் போடு அதை. ஊசி மருந்துன்னு தொட்டா கடைசி வரைக்கும் வுடாது. என் பெரிய மவன் ஒரு மாத்திரை போட்டவன் கெடையாது."

"ஆமாங்கத்தை" என்றாள் பூங்கோதை. "அவரு ஒரு மாத்திரையும் போடலை."

அவள் அதை எதிர்த்துச் சொல்லவில்லை. மாமியார் சொன்னதையேதான் திருப்பிச் சொன்னாள். ஆனால் மாணிக்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மணிவேல் கட்டிலில் போய் உட்கார்ந்தான்.

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து மாணிக்கம்மாள் கேட்டாள். சண்டைபோடுகிற குரல் போய்விட்டிருந்தது. "டாக்டரம்மா பெரியவனைப் பத்தி எதுனா கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"இன்னான்னு?"

"வெறும் வயித்தோட போனாரான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"விரதம்னு சொன்னேன். தேனும் பாலும்னு சொன்னேன்."

மாணிக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். படிப்பில்லாதவள், ஆனால் மக்கு இல்லை. சாப்பிட்டுவிட்டு வரலாம், சாப்பிடாமல் வரலாம் என்று இத்தனை நாளாக நடந்த பேச்செல்லாம் எங்கே போய் முட்டுகிறது என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில் பிடிபட்டது.

"நான் குடுத்த பாலா?" என்றாள்.

"இல்லத்தை."

"சொம்பு நெறைய குடுத்தேன். சாப்பிடாத போறானேன்னு தேனை சாஸ்தியா வுட்டேன். சொல்லு, அதா?"

"பால் இல்லத்தை. பால் குடிச்சாலும் குடிக்காட்டியும் அந்த எண்ணு மாறாதாம். டாக்டரே சொன்னாங்க. கழிச்சிப் பாக்கத்தான் ஆள் இல்ல."

"நெஜமாவா சொன்னாங்க?"

"சாமி சத்தியமா."

சத்தியம் செய்தபோது, தான் சொன்னது முழுக்க உண்மையா, பாதி உண்மையா என்று பூங்கோதைக்கு விளங்கவில்லை. டாக்டர் அப்படித்தான் சொன்னாள். பெரிசாக மாறாது என்றாள். கொஞ்சம் கெட்டது குறைந்து தெரிந்திருக்கும் என்றும் சொன்னாள். இதில் எதைச் சொல்வது, எதை விடுவது? மாணிக்கம்மாள் நம்பினாளா என்றும் தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். "நான்தான் குடுத்தேன்" என்று இன்னொருமுறை, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

மணிவேல் கட்டிலை விட்டு எழுந்தான். பையை எடுத்து, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு விழுங்கினான். தொண்டையில் சிக்கிக்கொண்டது போல முகத்தைச் சுளித்தான்.

"எனக்கு ஒண்ணும் புரியலை" என்றான். "ஜீப்பும் புரியல, ஆரஞ்சும் புரியல. புரிஞ்சி போடல நான். நாளைக்கு எனக்கு எதுனா ஆனா நீங்க ரெண்டு பேரும் பால் சொம்பையும் தண்ணி சொம்பையும் ஆளுக்கொண்ணாக் கட்டிக்கினு அழுவீங்க. அதுக்குத்தான் போட்டேன். போதுமா? ஆனா ஒண்ணு, ஜீப்புல எவனும் மாத்திரையைப் பத்திப் பேசக்கூடாது."

"நான் பேசமாட்டேன்" என்றாள் பூங்கோதை.

"அம்மா?"

"போடா" என்றாள் மாணிக்கம்மாள். "வாய் மட்டும் உனக்கு."

"பீடி?" என்றாள் பூங்கோதை.

"ஒரே நாள்ல ஒருத்தனை எத்தினி பக்கம்தான் அண்ணி புடுங்குவீங்க?" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போனான். வாசலில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கிறதா என்று பூங்கோதை காது கொடுத்துக் கேட்டாள். கேட்கவில்லை. அல்லது அவன் தள்ளிப்போய்ப் பற்றவைத்திருக்கலாம்.

சிவசங்கரியின் போன் வந்தது. மேட்டில் ஏறினால்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும். பூங்கோதை போனைக் காதில் வைத்துக்கொண்டே ஏறினாள்.

"போட்டாராக்கா?"

"போட்டாரு."

"நெஜமாவா? நீ பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன்."

அந்தப் பக்கம் சிவசங்கரி மூச்சுவிடுவது கேட்டது. "அப்ப இனிமே ஒண்ணும் ஆவாதில்ல? பயமில்லதானே அக்கா?"

பயமில்லை என்று சொல்லத்தான் பூங்கோதை வாயைத் திறந்தாள். அருள்மணியின் தாள் வந்தபோது அவளுக்கும் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

"தெரியலம்மா" என்றாள். "எனக்கு எல்லாம் புரியல. ஒரு நாள் போட்டிருக்காரு. நாளைக்கும் போடணும். நான் இங்க பாத்துக்கறேன். நீயும் தெனம் ராத்திரி போன் பண்ணி, போட்டீங்களான்னு கேளு. சலிச்சிக்குவாரு. சலிச்சிக்கட்டும், நீ கேட்டுக்கினே இரு."